ஆறு பிள்ளைகளுக்குச் சித்தி

எங்கள் சந்தில் எந்தப் பெண் பிள்ளையிடமாவது பள்ளிக்கூடத்தில், "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை தன் வீட்டுக்குப் போகும் முன்பே என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். என் மகள் அந்தப் பள்ளியில் படித்து முடித்து, கல்யாணமாகி எண்ணூருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அந்தப் பள்ளியின் ஸ்டாஃப் ரூமுக்கு நான் போய்க்கொண்டுதான் இருந்தேன், மற்றவர்களின் பிள்ளைகளுக்காக.

அதற்குக் காரணம் பதினொரு மணி. டீச்சர்கள் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய எங்கள் சந்தில் பதினொரு மணிக்கு ஆள் இருக்காது. மீன் விற்கப் போனவர்கள், ஐஸ் கம்பெனிக்குப் போனவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள் எல்லாம் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். நான் மட்டும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பத்தாவது வரை படித்தவள் என்பதால் கையெழுத்தும் ஒழுங்காகப் போடுவேன். போதாதா?

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். இந்தக் குணம் மற்ற எந்த இடத்திலும் எனக்கு உதவியதில்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும் நன்றாகப் பலித்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவேன். டீச்சர் பேச ஆரம்பித்ததும் தலையை ஆட்டத் தொடங்குவேன். அவர் முடிக்கும்முன், "மன்னிச்சிக்கோங்க மிஸ், இனிமே செய்ய மாட்டா" என்று சொல்லிவிடுவேன். பிள்ளையின் முதுகில் ஒப்புக்கு ஒரு தட்டுத் தட்டுவேன். மன்னிப்புக் கடிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் 'சித்தி' என்று எழுதுவேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம்.

"நீ போனா சண்ட சச்சரவு இல்லாம முட்ஞ்சிடுதுக்கா" என்பார்கள் சந்துப் பெண்கள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் நெத்திலி வறுவல் வரும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்த வருடம் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா விசைப்படகில் வேலை செய்பவர், கடலுக்குப் போனால் பதினைந்து நாள் இருபது நாள் கழித்துத்தான் வருவார். அம்மா விடியும் முன்பே காசிமேடு மீன் துறைமுகத்தில் மீன் எடுத்து, மார்க்கெட் பக்கம் நடைபாதையில் பலகை போட்டு விற்பாள். பத்தாவதோடு பெண்ணை நிறுத்தச் சொல்லி அப்பாவின் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அம்மாக்காரிதான் அவரோடு தெருவே கேட்கும்படி மல்லுக்கு நின்று, பெண்ணைப் பிளஸ் ஒன்னில் சேர்த்தாள். பெரியப்பா அன்று கிளம்பும்போது, "எதுனா ஒண்ணு காதுல வியட்டும், அப்பால பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது என் வீடு வரைக்கும் கேட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெண் வந்து கதவோரம் நின்றாள். "ஆன்ட்டி, நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றியா? அம்மாகிட்ட கேட்டேன். உன்ன இட்டுகினு போவச் சொல்லிச்சு."

எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் போனேன். வகுப்பு டீச்சர் அந்த வருடம் புதிதாக மாற்றலாகி வந்தவர். முன்னால் இரண்டு முறை வேறு பிள்ளைகளுக்காக அவரைப் பார்த்திருக்கிறேன். மேஜை முழுக்க விடைத்தாள் கட்டுகள். "வகுப்புக்கு ஒழுங்கா வர்றதில்லை. மூணு நாள் மத்தியானம் ஆளைக் காணோம்" என்று ஆரம்பித்தார். நான் தலையை ஆட்ட ஆரம்பித்தேன். அவர் மேலும் ஏதோ சொன்னார். வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து மேஜையில் மற்ற டீச்சர்கள் இருந்தார்கள். எப்போது வெளியே போவோம் என்பதில்தான் என் மனம் இருந்தது. "மன்னிச்சிக்கோங்க மிஸ்" என்றேன். எழுதித் தயாராக இருந்த தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். 'சித்தி' என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் முதுகில் தட்டப் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

வராண்டாவுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அதுல இன்னா எழுதியிருந்துச்சு, படிச்சியா ஆன்ட்டி?"

நான் செருப்பைத் தேடி மாட்டினேன்.

"நான் பட்ச்சேன். பள்ளி நேரத்துல ஒரு பையன்கூட சுத்துனத ஒத்துக்கிறோம், இன்னொரு தபா நடந்தா டி.சி. வாங்கிக்கிறோம்னு எழுதியிருந்துச்சு. நீ பாட்டுக்குப் போட்டுட்ட."

"பையனா?"

"மூணு மத்தியானம் கட் அடிச்சேன். அத்த ஒத்துக்கிறேன். தண்டையார்பேட்டைல ஃபிரெண்டு வூட்ல அவ அக்கா கீது, கல்யாண வூடுங்களுக்குப் போய் மெஹந்தி போடும். அதாண்ட கத்துக்கப் போனேன். கல்மண்டபம் ஸ்டாப்ல பஸ்சுக்கு நின்னப்ப பக்கத்துல எவனோ பைக்க நிறுத்திகினு நின்னான். அத்த ஒரு மிஸ் பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்க. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. உனக்குத் தெர்ஞ்சிருக்கு போல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழாமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு புடவைக்கு ஃபால்ஸைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. பையன் இருந்தானா இல்லையா என்றும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாள் பெரியப்பாவின் கண்ணில் பட்டால் அவள் படிப்பு அன்றோடு சரி. அதில் இருப்பது என் கையெழுத்து. அதை நான்தான் போய் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மதியம் இரண்டரைக்கு அம்மாக்காரி கூடையோடு வந்தாள். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோதே போய்ச் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னாது?"

மறுபடி சொன்னேன்.

"ஸ்கூலுக்குப் போய்ட்டு வாக்கான்னு அனுப்சா, எம் பொண்ணுக்கு நீ ஒரு மாப்பிள்ளைய முட்ச்சு வச்சுட்டு வந்துகீறியா? பத்திரிகை எப்போ அடிக்கப் போற? சொல்லு, நானும் நாலு பேருக்கு வைக்கிறேன்!"

சந்தில் இரண்டு கதவுகள் திறந்தன. உள்ளே ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. நின்றேன்.

"தப்புதான்" என்றேன். "நாளைக்குப் போய் அந்தப் பேப்பரைக் கேக்கப் போறேன்."

"நீ கேப்ப? நீயி? மளிகைக் கடைல மிச்ச சில்றையக் கேக்கறதுக்கே நாலு நாள் யோசிப்ப."

அது உண்மை. "போறேன்" என்று மட்டும் திரும்பச் சொன்னேன்.

அவள் சொம்பை எடுத்து மீதித் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். பிறகு தாழ்ந்த குரலில், "அவ பெரியப்பன் காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான்க்கா" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை தைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதைப் பல முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள்தான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டேன். அந்தத் தாள் வேண்டும். மெஷின் சத்தத்தில் அவை நன்றாகத்தான் வந்தன.

ஸ்டாஃப் ரூம் வாசலில் கால் மணி நேரம் நின்றிருப்பேன். கூப்பிடாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் முறை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா? நேத்துதானே வந்தீங்க?"

"படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் மிஸ்" என்றேன்.

"எதை?"

"அந்தப் பேப்பரை. பொண்ணு கட் அடிச்சது நிஜம். அவளே சொல்றா. பையன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாததை ஒத்துக்கிட்டேன். அந்தப் பேப்பர் எனக்கு வேணும்."

சொல்லி முடித்ததும் பழக்கத்தில் "மன்னிச்சிக்கோங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஏழாவது படிக்கிற பொண்ணு. இது ஒன்பதாவது. இது ரெண்டும் பத்தாவது. இது போன வருஷம். இது நேத்து. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. எல்லாத்துலயும் சித்தி. எத்தனை பேருக்கும்மா நீங்க சித்தி?"

"ஆறு பேருக்கு மிஸ்" என்றேன்.

பக்கத்து மேஜை டீச்சர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பெரிய குடும்பம் போல" என்றார். இந்த டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு, எனக்கு அப்படி இல்லை" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒரு பொண்ணைப் பத்திப் பேசணும்னுதான் அம்மாவை வரச் சொல்றேன். நீங்க வர்றீங்க. நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறீங்க. ஏன் வரலை, வீட்ல என்ன, பஸ் ஸ்டாப்ல யாரு, எதுவும் கேக்கறதில்லை. நேத்தும் நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். பையன்னு சொன்னப்பகூடத் தலையை ஆட்டினீங்க. அப்போ வீட்ல தெரிஞ்ச விஷயம்தான்னு நினைச்சேன்."

நான் அந்த ஆறு கையெழுத்துகளையும் பார்த்தேன்.

"முன்னால இருந்த ஸ்கூல்ல ஒரு பொண்ணு. இதே மாதிரி யாரோ வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. சரின்னு விட்டேன். அரையாண்டுப் பரீட்சைக்கு அவ வரலை. அதுக்கப்புறம் வரவே இல்லை. அவங்க அம்மாவை நான் கடைசிவரை பாக்கலை. இனிமே எழுதி வாங்காம விடறதில்லைன்னு இருக்கேன்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இதை நான் எதிர்பார்த்து வரவில்லை. அதற்காகத் திரும்பிப் போகவும் முடியாது.

"எழுதி வாங்குங்க மிஸ். நடந்ததை எழுதி வாங்குங்க" என்றேன். "அந்த ஒரு வரி இருந்தா அவ பெரியப்பா படிப்பை நிறுத்திடுவார். அவ படிப்பு நின்னுடக் கூடாதுன்னுதானே நீங்க கூப்பிட்டீங்க?"

என் வாழ்நாளில் ஒரு டீச்சரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் ஃபைலை மூடினார். "அவங்க அம்மா வரட்டும். நேர்ல உக்காந்து பேசட்டும். பேசின பிறகு என்ன எழுதணுமோ அதை எழுதிக்கலாம். நாளைக்கு நாலாவது பீரியட். பதினொண்ணேகால். எனக்கு அது ஒண்ணுதான் காலி."

"மத்தியானத்துக்கு மேல முடியாதா மிஸ்? அவங்க மீன் விக்கறவங்க."

"மூணு வகுப்பு இருக்கும்மா எனக்கு. முடிஞ்சா மாட்டேன்னு சொல்வேனா?"

எதிர்வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் கையை விரித்தாள். "பதினோரு மணிக்குப் பலகைய வுட்டுட்டு எப்டி வர்றது? கம்னு எழுந்து போனா எடத்த இன்னொருத்தி புட்ச்சுக்குவா. மீனு வெயில்ல கெடக்கும்."

"நான் உக்காரறேன்."

"எங்க?"

"உன் பலகைல."

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "கேட்டியாடி? அக்கா மீன் விக்குதாம்! வாய தொறக்கவே வாடகை கேக்கும், இது மீனு விக்குதாம்!"

நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். முடித்ததும் அவள் முகம் மாறியது. மகளை உள்ளே போகச் சொன்னாள்.

"பலகை மட்டும் இல்லக்கா. எனக்கு மெதுவா பேச வராது. நான் பேசுனா டீச்சருங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது. ஒரு தபா போனேன், அவ ஆறாவது படிக்கறப்ப. மூக்குல கர்ச்சீப்ப வச்சுகினு பேசுனாங்க ஒருத்தங்க. அதுக்கு அப்பால போவல. உன்னைத்தான் அனுப்புறேன். நீ டீசன்டா பேசுவ."

"நான் பேசினதே இல்லை" என்றேன். "தலையைத்தான் ஆட்டினேன். நீ போ. கத்தணும்னா கத்து. அந்த மிஸ் உன்னைத்தான் பாக்கணும்கிறாங்க."

மறுநாள் பத்தே முக்காலுக்கு அவள் பலகையிலிருந்து எழுந்தாள். முகம் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த வேறு புடவையைக் காய்கறிக்காரியின் குடைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டாள். "சங்கராவுக்கு இந்த வெல, கானாங்கெளுத்திக்கு இந்த வெல. கொறைச்சுக் கேப்பாங்க, மசியாத. பேஜாரு பண்ணா பக்கத்துப் பலகைல சொல்லு" என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "தண்ணி தெளிச்சுகினே இரு."

தண்ணீர் தெளித்தேன். அது ஒன்றுதான் எனக்கு எளிதாக வந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் குனிந்து மீனைப் பார்த்தேன்.

பக்கத்துப் பலகைக்காரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "யக்கா, மீனுக்கு ஜோசியம் பாக்கிறியா? அதுக்குத்தான் நேரம் முட்ஞ்சு போச்சே. கூவு!"

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "புது மொகமா கீது. மீனாவது புதுசா, இல்ல நேத்து உள்ளதா?" என்றார்.

"காலைல வந்ததுங்க" என்றேன்.

"இன்னா, காதுல விழல."

"காலைல வந்தது!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிதாக என் குரல் வெளியே வந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்துப் பலகைக்காரி கைதட்டினாள். அவர் சங்கரா வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு பேர் விலையைக் குறைத்துக் கேட்டார்கள், ஒருத்தி திட்டிவிட்டுப் போனாள். மசியவில்லை. ஆனால் என் கண் முழுக்கப் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில்தான் இருந்தது. கத்திச் சண்டை போட்டுவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவாளோ? டீச்சர் கர்ச்சீப்பை எடுத்துவிடுவாரோ? அப்படி நடந்தால் அதற்கும் நான்தான் காரணம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் பலகைக்கு நேராக வந்துவிட்டது. லாரிகளுக்கு நடுவில் அவள் சாலையைக் கடந்து வருவது தெரிந்தது. தனியாகத்தான் வந்தாள். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. வந்ததும் முதலில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கத்துனேன்."

"ஐயோ."

"அவங்களும் கத்துனாங்க. நல்லா காரமான வாயிதான் அந்தம்மாவுக்கு. நீ பாத்தியா எம் பொண்ண பையன்கூடன்னு கேட்டேன். நான் பாக்கல, வேற மிஸ் சொன்னாங்கன்னாங்க. அந்த மிஸ்ஸக் கூப்டுன்னேன். கூப்டாங்க! அந்தம்மா வந்து, பைக்கு பக்கத்துல நின்னதத்தான் பாத்தேன், பேசுனத நான் பாக்கலன்னுட்டாங்க. அப்பால இவ டீச்சரு எம் பக்கம் திரும்புனாங்க. மூணு நாளு மத்தியானம் எங்க போனான்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. எனக்கு எங்க தெரியும்? முழிச்சேன். இவளக் கூட்டி வந்து உக்கார வச்சு, நீயே சொல்லுன்னாங்க. மெஹந்தியாம்! எனக்கே அங்கதான் தெரியுது. வெக்கமாப் போச்சு."

"பேப்பர்?"

"கிழிச்சுட்டாங்க. எம் முன்னாடியே. புதுசா இவளையே எழுதச் சொன்னாங்க. மூணு நாள் மத்தியானம் வகுப்புக்கு வரல, இனிமே வருவேன்னு. அவ்ளோதான். நான் கையெழுத்துப் போட்டேன்." இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "டீச்சரு நம்பரு. ரெண்டு மணிக்கு மேல நானே பண்றேன், நீங்க வரத் தேவையில்லன்னாங்க. உக்கார நாற்காலி போட்டாங்கக்கா. நான் எழுந்து எழுந்து நின்னா, உக்காருங்கன்னுகினே இருந்தாங்க."

கர்ச்சீப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "சங்கரா, சங்கரா!" என்று அவள் போட்ட குரலில் நான் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது.

பெரியப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ. அவளுக்கும் அம்மாவுக்கும் மெஹந்தி விஷயத்தில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாம் என்று முடிவானது. என்னோடு அவள் பழையபடி பேச இன்னும் அதிக நாள் ஆனது. அது நியாயம்தான்.

நான் இப்போது சித்தியாகப் போவதில்லை. வந்து கேட்கிற ஒவ்வொருவரிடமும், "நீ போ, உன் வேலையை நான் பாத்துக்கறேன்" என்கிறேன். முதலில் சந்துப் பெண்களுக்குக் கோபம். "ரொம்பத்தான் ஏறிப்போச்சு இதுக்கு" என்று என் காதுபடவே பேசினார்கள். இப்போது பழகிவிட்டது. ஒருத்திக்காக ரேஷன் வரிசையில் நின்றேன். ஒருத்தியின் கைக்குழந்தையை ஒரு காலை முழுக்க வைத்திருந்தேன், அது என் மடியில் இருந்த வாடிக்கையாளர் புடவையை நனைத்தது. ஐஸ் கம்பெனியில் மட்டும் ஆள் மாற்றி என்னை உள்ளே விடவில்லை. அங்கே வேலை பார்க்கும் அம்மாவுக்காக டீச்சரிடம் நானே போய் நேரத்தை மாற்றிக் கேட்டேன். காலைப் பிரேயருக்கு முன்னால் வரச் சொன்னார்.

போன வாரம் டிரெய்லர் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். பெண்ணுக்கு அம்மா இல்லை, இவர்தான் எல்லாம். "யக்கா, ஸ்கூல்ல கூப்டுகினுகீறாங்க. நீ ஒரு நட போய்ட்டு வந்துடேன்."

"நான் வரலை. நீங்க போங்க" என்றேன்.

"நீ வேற ஆளுங்க வேலையெல்லாம் பாத்துக்குறியாமே. அப்போ என் டிரெய்லர ஹார்பருக்கு எடுத்துகினு போ."

"லீவு போடுங்க" என்றேன்.

அவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு, "அங்க போய் இன்னா பேசுறது?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிற ஆளின் குரல் அந்தக் கேள்வியில் எவ்வளவோ சிறிதாகிவிட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

"முதல்ல அவங்க சொல்றதைக் கடைசிவரைக்கும் கேளுங்க" என்றேன். "அப்புறம் எதையாவது நீட்டினா, படிச்சுப் பாருங்க."